ஜீப்புக்குள் அடிச்ச வெக்கை

"உந்தச் சூட்டுப் பெட்டியை வித்துத் துலையுங்கோ. இல்லாட்டி இனி நான் பஸ்ஸில வாறன், பஸ்ஸில போறன்."

இதை நான் கத்திச் சொன்ன இடம் வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயில் வாசல். வெள்ளிக்கிழமை வேறை. செருப்புக் கழட்டிக்கொண்டு நிண்ட சனம் முழுக்கத் திரும்பிப் பாத்தது. எனக்கு முதுகுச் சட்டை நனைஞ்சு ஒட்டிப்போய்க் கிடந்தது. தலைமயிர் கழுத்தோட ஒட்டிக்கொண்டிருந்தது. வைச்ச பொட்டு வழிஞ்சு மூக்குக்கு வந்திட்டுது. அது 2009, சித்திரை மாசம். லண்டனில சித்திரை எண்டால் சனம் இன்னும் ஜக்கெற்றோட திரியிற காலம்.

என்ர மனுசன் ஜீப்பின்ர பொனற்றில, எஞ்சின் மூடியில, உள்ளங்கையை வைச்சுப் பாத்தார், காய்ச்சல்காரப் பிள்ளையின்ர நெத்தியைத் தொட்டுப் பாக்கிற மாதிரி. எனக்கு இன்னும் பத்திக்கொண்டு வந்தது. மனிசி வெந்துபோய் நிக்கிறாள், இவர் இரும்பைத் தடவிக்கொண்டு நிக்கிறார். அம்மனுக்கு முன்னால போய் நிண்டும் எனக்கு ஒரு மந்திரமும் காதில ஏறேல்லை. மின்விசிறி எந்தப் பக்கம் சுத்துது எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டன்.

அந்த ஜீப்பைப் பற்றி ஒருக்கால் சொல்லத்தான் வேணும். நாங்கள் முதலில ஜேர்மனியில இருந்தனாங்கள். அவர் அங்கை ஒரு ரெஸ்ரோறண்ட் குசினியில வேலை செய்த காலத்தில, காட்டுக்குக் காவலுக்குப் போற ஒரு வயசான ஜேர்மன்காரனிட்டை வாங்கினது. நாலு சில்லும் இழுக்கிற பழைய டீசல் ஜீப். கலியாணம் கட்டின நாளில இருந்து அந்த மனுசன் தனக்கெண்டு ஆசைப்பட்டு வாங்கின ஒரே சாமான் அதுதான். பேந்து பிள்ளையள் இங்கிலீசில படிக்கவேணும் எண்டு எல்லாச் சனத்தையும் போல நாங்களும் லண்டனுக்கு வெளிக்கிட்டம். கட்டில், அலுமாரி, சோபா எல்லாம் அங்கையே குடுத்திட்டம். ஜீப்பை மட்டும் அவர் கப்பலில ஏத்திக் கொண்டுவந்தார்.

நாங்கள் வந்து குடியிருந்த ஸ்ட்ரெதத்தில ஜீப்புக்கு என்ன வேலை எண்டு கேக்கிறன். காடு இருக்கோ, மலை இருக்கோ? கவுன்சில் றோட்டுக்குக் குறுக்கால கட்டி வைச்சிருக்கிற மேடுகளில ஏறி இறங்கிறதுதான் அதுக்குக் கிடைச்ச மலை. ஸ்ரியறிங்கும் இடது பக்கம். அதால நான் இருக்கிறது வலது பக்கம், இந்த நாட்டில டிரைவர் இருக்கிற பக்கம். சிவப்பு லைற்றில நிக்கேக்க பக்கத்து பஸ்காரன் என்னைப் பாத்தால், கையைக் கட்டிக்கொண்டு ஒரு பொம்பிளை ஜீப் ஓடுறாள் எண்டுதான் நினைப்பான். பிள்ளையள் சின்னனில அதைப் பாத்து விழுந்து விழுந்து சிரிப்பினம். பேந்து வளந்து, இரண்டு பேரும் யூனிவசிற்றிக்கு எண்டு வெவ்வேற ஊருக்குப் போட்டினம். வீட்டில நாங்கள் இரண்டு பேரும், வாசலில ஜீப்பும் எண்டு ஆகிப்போச்சு.

ஜீப்பில ஏசி எண்டு ஒண்டு இருந்தது. அது ஜேர்மனியிலயே செத்துப்போச்சு. எஞ்சின் எங்கட முழங்காலுக்கு முன்னால, கியர்பெட்டி எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில, புகைக்குழாய் காலுக்குக் கீழால. மேல கறுத்தத் தகரக் கூரை. முன்னால பெரிய நிமிர்ந்த கண்ணாடி. வெயில் கொஞ்சம் எறிச்சால் உள்ளுக்குச் சூடு இருக்கும், இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனால் அதுக்கு முந்தின வருசங்களில அந்தச் சூட்டோட நாங்கள் பாரிசுக்குப் போய் வந்திருக்கிறம், சுவிசுக்குப் போய் வந்திருக்கிறம். அந்த வருசம்தான் எனக்கு அது தாங்க ஏலாமல் போச்சு. மார்புக்குள்ள ஆரோ அடுப்பை மூட்டி விட்டது போல கிளம்பும். கழுத்துக்கு ஏறும், காது சிவக்கும், தலையில இருந்து தண்ணி ஊத்தும். நெஞ்சு படபடவெண்டு அடிக்கும். கதவைத் திறந்து ஓடுற ஜீப்பில இருந்து குதிச்சிடுவனோ எண்டு பயமாய் இருக்கும். மூச்சு முட்டுது, இறங்கவேணும் எண்டு அவரிட்டைக் கத்துவன்.

வீட்டிலயும் வேர்த்ததுதான். ஆனால் வீட்டில வேர்க்கிறதுக்கு ஆயிரம் காரணம் இருந்தது. அந்த வருசம் எங்கட சனத்தில ஆருக்குத்தான் நித்திரை? ஊரில அந்தக் கடைசிச் சண்டையில என்ன நடந்தது எண்டு நான் சொல்லத் தேவையில்லை. ரீவியை நிப்பாட்ட மனம் வராது, பாக்கவும் மனம் வராது. சண்டையை நிப்பாட்டச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால சனம் றோட்டில இருந்தது. நாங்களும் வேலை முடிஞ்ச நாளெல்லாம் போய் இருந்தம். ரெலிபோன் அடிச்சால் எடுக்கப் பயம், அடிக்காட்டி அதைவிடப் பயம். வைகாசியோட எல்லாம் முடிஞ்ச பிறகு கையைக் காலை என்ன செய்யிறது எண்டே தெரியாமல் போச்சு. இருக்க ஏலாது, எழும்பினால் நிக்க ஏலாது. அந்த அந்தரத்தில உடம்பு வேர்க்கிறதை ஆர் கணக்கில எடுக்கிறது? நான் வேலை செய்ததும் ஒரு பள்ளிக்கூடத்துச் சமையலறை. பெரிய பெரிய மின்சார அடுப்புகளுக்கு முன்னால எல்லாரும்தான் வேர்த்துக்கொண்டு நிப்பினம். ஆகப் பழிபோட மிஞ்சினது ஜீப்தான். அது வாய் திறந்து மறுத்துச் சொல்லாதுதானே.

மகளின்ர அறையில இரண்டு யன்னல். அங்கை காத்து வரும் எண்டு சொல்லி ஒருநாள் என்ர தலையணையைத் தூக்கிக்கொண்டு போனன். அவர் "சரி" எண்டார். அவ்வளவுதான். அவர் கதைக்கிற ஆள் இல்லை. பத்து வார்த்தையில சொல்லுறதை ஒண்டில முடிச்சுப்போட்டு ஜீப்புக்குக் கீழ போய்ப் படுத்திடுவார்.

அந்த நேரம்தான் ஜேர்மனியில இருக்கிற என்ர தங்கச்சி ரெலிபோன் எடுத்தாள். அவளின்ர மகள் பெரியபிள்ளையாகிச் சில மாசம். ஊரில சனம் சாகேக்க இஞ்சை என்ன மேளம் எண்டு சாமத்தியவீட்டைத் தள்ளிப் போட்டிருந்தவள். இப்ப ஐயர் ஆவணியில நாள் வைச்சுக் குடுத்திட்டார், இனியும் தள்ள ஏலாது. "அக்கா, நீங்கள்தான் முன்னுக்கு நிண்டு ஆலாத்தி எடுக்கவேணும். அண்டைக்கு உங்களுக்கு எடுக்கலாம்தானே?" எண்டு கேட்டாள். எங்கட பொம்பிளையள் நல்ல காரியத்துக்கு நாள் வைச்ச உடன ஒருத்தரை ஒருத்தர் கேக்கிற கேள்வி அது. மாசத் துடக்கு அந்த நாளில வந்து விழுமோ எண்டு விரலை மடக்கிப் பாத்துத்தான் பதில் சொல்லுவம். நான் மடக்கிப் பாத்தன். கடைசியா எப்ப எண்டே ஞாபகம் வரேல்லை. மாசியோ, அதுக்கும் முந்தியோ. "ஓம், எடுப்பன்" எண்டு சட்டெண்டு சொல்லிப்போட்டு ரெலிபோனை வைச்சிட்டன். யோசிக்கேல்லை எண்டில்லை, யோசிக்கப் பயம். எனக்குத் தெரிஞ்ச ஒரு பொம்பிளை இப்பிடித்தான் மாசக்கணக்கா ஒண்டும் சொல்லாமல் இருந்து, கடைசியில வயித்துக்குள்ள கட்டி எண்டு போய்ச் சேந்தவ. அதுக்குப் பிறகு எனக்கு ஒவ்வொருதரம் வேர்க்கேக்கயும் அவவின்ர முகம் வந்துபோகும். அந்த எரிச்சல் எல்லாம் ஜீப்பிலதான் போய் விழுந்தது.

"ஜேர்மனிக்குப் போய் வாறவரைக்கும் பொறுக்கிறன்" எண்டு அவரிட்டைச் சொன்னன். "அதுக்குள்ள உந்த வெக்கையை நிப்பாட்டிக் காட்டுங்கோ. ஏலாட்டி ஜீப்பை விக்கவேணும். சத்தியம் பண்ணுங்கோ."

அவர் ஜீப்பைப் பாத்தார், என்னைப் பாத்தார். என்ர தலையில கையை வைச்சு, "சத்தியம்" எண்டார்.

அண்டைக்குத் தொடங்கினதுதான் வேலை. அவருக்கு ஒரு மொத்த வியாபாரக் களஞ்சியத்தில ஷிப்ட். ஷிப்ட் முடிஞ்சு வந்து தேத்தண்ணி கூடக் குடிக்காமல் ஜீப்புக்குள்ள புகுந்திடுவார். முதலில கூரைக்கு வெள்ளைப் பெயின்ற் அடிச்சார். அதுக்கு மேல இன்னொரு தகரத்தை இடைவெளி விட்டுப் பொருத்தினார், காத்து நடுவால ஓடட்டும் எண்டு. பக்கத்து வீட்டுக்காரன் வந்து, ஆபிரிக்காவுக்குப் போறீங்களோ எண்டு கேட்டான். ஜேர்மனிக்கு எண்டார் இவர். அவன் ஒண்டும் விளங்காமல் போனான்.

பேந்து உள்கூரைத் துணியைக் கழட்டி, வீடு கட்டிறவை கூரைக்குள்ள விரிக்கிற வெள்ளித் தாளை அதுக்குப் பின்னால ஒட்டினார். பசை மணம் வீடு முழுக்க. கியர்பெட்டி மேட்டுக்கும் கால் வைக்கிற தரைக்கும் தடிச்ச பாய் போட்டார். புகைக்குழாய்க்குச் சூடு தாங்கிற துணியைக் காயக்காரனுக்குக் கட்டுப்போட்ட மாதிரிச் சுத்தினார். பக்கக் கண்ணாடிக்கு வெயிலைத் திருப்புற தெளிவான தாள் ஒட்டினார். கறுப்பு ஒட்டினால் பொலிஸ் பிடிக்கும். ஒருநாள் சாமித்தட்டில ஊதுபத்திக் கட்டைக் காணேல்லை. தேடிக்கொண்டு வெளியில வந்தால், எஞ்சினை ஓடவிட்டு, ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில பிடிச்சுக்கொண்டு ஜீப்புக்குள்ள குந்திக்கொண்டிருக்கிறார்.

"என்ன கோதாரி இது, ஜீப்புக்குப் பூசையோ?"

"புகை எங்க ஆடுதெண்டு பாக்கிறன். ஆடுற இடத்தாலதான் எஞ்சின் சூடு உள்ளுக்கு வருது" எண்டார். வயர் போற ஓட்டை, பெடல் போற ஓட்டை எண்டு எல்லாத்தையும் அப்பிடிக் கண்டுபிடிச்சு ரப்பரால அடைச்சார். சாமிக்கு வைச்சதை எடுத்ததுக்கு ஏசத்தான் வந்தனான். ஏச மறந்துபோய் நானும் குனிஞ்சு புகையைப் பாத்துக்கொண்டு நிண்டன்.

ஒருநாள் பின்னேரம் ஓடி வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு, கை முழுக்க ஒயில். "கண்டுபிடிச்சிட்டன்!" எண்டார். குளிர்காலத்துக்குச் சுடுதண்ணி ஓடுற ஹீற்றர் குழாய் இருக்கே, அதின்ர வால்வு இறுகிப்போய்ப் பாதி திறந்தபடியே நிண்டிருக்குதாம். கோடையிலயும் எங்கட காலடியில ஹீற்றர் ஓடிக்கொண்டு இருந்திருக்குது. "பாரும், நீர் சொன்னது சரி. பிழை ஜீப்பிலதான்" எண்டார். மனுசனுக்கு ஏதோ பரிசு விழுந்த சந்தோசம். சுடுதண்ணி அந்தப் பக்கம் போகாமல் குழாயைத் திருப்பிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டன் எண்ட இடத்தில இருக்கிற என்ர அக்கா வீட்டுக்குப் போனம். ஸ்ட்ரெதம் தாண்டும்வரைக்கும் சுகமாய்த்தான் இருந்தது. "நல்லாயிருக்குது" எண்டு நானும் சொன்னன். அவர் விசிலடிக்கத் தொடங்கினார். பேந்து ஒரு சிவப்பு லைற்றில அந்த அடுப்புக் கிளம்பிச்சுது. நான் சீலைத் தலைப்பால முகத்தைத் துடைச்சதைக் கண்டார். விசில் நிண்டுபோச்சு.

அறைக்குள்ள வைக்கிற சின்ன வெப்பமானி ஒண்டு வாங்கி முன்னால ஒட்டினார். "இஞ்சை பாரும், வெளியில எவ்வளவோ அவ்வளவுதான் உள்ளையும்" எண்டு காட்டினார்.

"நீங்கள் மெசினை நம்புறியளோ, மனிசியை நம்புறியளோ?"

அவர் வெப்பமானியைக் கழட்டிப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு, "உம்மைத்தான்" எண்டார். அடுத்த நாளே கூரையில ஓட்டை போட்டு, சூட்டுக் காத்தை வெளியில இழுக்கிற சின்ன விசிறி ஒண்டு பூட்டினார்.

ஆவணியில வெளிக்கிட்டம். பின் சீற்றில அக்கா, பலகாரப் பெட்டி, சீலைப் பெட்டி, சுடுதண்ணிப் போத்தல். டோவரில கப்பல் ஏறி, மறுகரையில கலேயில இறங்கினால் நல்ல வெயில். அந்த வெயிலுக்குள்ள ஜீப் போன போக்கைப் பாத்தால் ஆரும் மெச்சுவினம். மேல தகரத்துக்கு நடுவால காத்து ஓடுது, விசிறி சுத்துது, காலடி குளுகுளுவெண்டு கிடக்குது. பெல்ஜியத்துக்குள்ள போகேக்க பின்னால இருந்து அக்கா, "தம்பி, உந்தக் கண்ணாடியை எப்பன் சாத்துங்கோ. குளிருது" எண்டா. இவர் சாத்தினார். கொஞ்சத் தூரம் போக, "உந்த விசிறியையும் நிப்பாட்டுங்கோவன்" எண்டா. பேந்து சால்வையை எடுத்துத் தலையோட மூடிக்கொண்டா. அதுக்கும் மேல இவரின்ர ஜக்கெற்றை வாங்கிப் போர்த்துக்கொண்டா. முன் சீற்றில நான் மழையில நனைஞ்சவள் போல இருக்கிறன். இவர் கண்ணாடிக்குள்ளால அக்காவைப் பாக்கிறார், பக்கத்தில என்னைப் பாக்கிறார், ஒண்டும் விளங்கேல்லை.

அடுத்த பெற்றோல் செட்டில நிப்பாட்டினம். நான் ஓடிப்போய்ப் பாத்றூமில குழாய்க்குக் கீழ இரண்டு கையையும் பிடிச்சுக்கொண்டு நிண்டன். அக்கா பின்னால வந்தா. ஜக்கெற்றைக் கழட்டாமலே கண்ணாடிக்குள்ளால என்னை வடிவாப் பாத்தா.

"எடி, உனக்குக் கடைசியா எப்ப வந்தது?"

"என்ன வந்தது?"

"நடிக்காதை. கேட்டதுக்குப் பதிலைச் சொல்லு."

"மாசியில போல" எண்டன். சொன்ன உடன வாய் நடுங்கிச்சுது. "அக்கா, எனக்கும் வயித்துக்குள்ள ஏதும் கட்டி கிட்டியோ?"

அக்கா சிரிச்சா. எனக்கு உயிர் போகுது, அவ சிரிக்கிறா. "கட்டியுமில்லை ஒரு மண்ணுமில்லை. நிக்கப்போகுதடி. நிக்கேக்க உடம்பு இப்பிடித்தான் எரியும். எனக்கு இரண்டு மூண்டு வருசம் எரிஞ்சது. நான் பிரிட்ஜைத் திறந்து தலையை உள்ளுக்கு விட்டுக்கொண்டு நிப்பன். கொத்தான், என்ர மனுசன், என்ன தேடுறாய் எண்டு கேப்பார். பச்சை மிளகாய் எண்டுவன்."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"உதென்ன சொல்லித் திரியிற விசயமோ? எனக்கு ஆர் சொன்னது? கொத்தானுக்கு இண்டைக்கு வரைக்கும் தெரியாது."

நான் அந்தப் பாத்றூமில நிண்டு கொஞ்சம் அழுதன். சாகமாட்டன் எண்ட சந்தோசத்தில பாதி, மிச்சம் என்னத்துக்கு எண்டு தெரியேல்லை. வெளியில இவர் பொனற்றைத் திறந்துவைச்சு உள்ளுக்குத் தலையை விட்டுக்கொண்டு நிண்டார். "பிழை எங்கயெண்டு தெரியேல்லை" எண்டார். சொல்லாதை எண்ட மாதிரி அக்கா என்ர கையில நுள்ளினா. நான் ஏறி இருந்தன்.

சாமத்தியவீடு நல்லாத்தான் நடந்தது. மண்டபம், மேளம், கேக், பல்லக்கு, வீடியோ. பிள்ளை மாலையும் கழுத்துமாய் இருக்கிறாள். பெரிசா அடிச்ச அவளின்ர படம் வாசலில நிக்குது. மாமன்மார், சித்தப்பாமார், ஜேர்மன்காரப் பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் வரிசையில வந்து பரிசு குடுக்கினம். பிள்ளைக்கு முதல்தரம் துடக்கு வந்தது உலகத்துக்கே தெரியும். நான் ஆலாத்தித் தட்டைச் சுத்துறன், கிளம்பிச்சுது அடுப்பு. வீடியோக்காரப் பெடியன், "அன்ரி, முகத்தைத் துடைச்சிட்டு இன்னொருக்கால் சுத்துங்கோ" எண்டான். எனக்கு வந்த கோபம்! தொடங்கினதுக்கு இத்தனை மேளம், முடியிறதுக்கு ஒரு மூச்சுச் சத்தமில்லை. தொடக்கத்தைச் சித்தப்பாமாருக்கும் சொல்லலாம், முடிவைக் கட்டின மனுசனுக்கும் சொல்லக்கூடாதாம். இதை ஆர் எங்களுக்குச் சட்டமாய்ப் போட்டது? அந்த மண்டபத்தில ஆம்பிளையளின்ர பக்கம் இருந்து இவர் என்னையே பாத்துக்கொண்டிருந்தார். நான் பாக்காத மாதிரித் திரும்பி நிண்டன். அவ்வளவு கோபம் இருந்தும் வாய் வரேல்லை.

அக்கா தங்கச்சியோட நிண்டிட்டா. திரும்பி வரேக்க நாங்கள் இரண்டு பேரும்தான். மழைத் தூறல், வெளியில குளிர், எனக்கு மட்டும் வேர்வை. கலேயில கப்பலுக்கு வரிசையில நிக்கேக்க அவர், "நான் தோத்திட்டன்" எண்டார்.

"என்ன தோத்தது?"

"செய்ய ஏலுமான எல்லாம் செய்து பாத்திட்டன். உமக்கு இன்னும் சூடுதான். சத்தியம் சத்தியம்தான். வித்துவிடுவம்."

அப்ப சொல்லியிருக்கலாம். வாய்வரைக்கும் வந்தது. ஆனால் என்னெண்டு சொல்லுறது? மாசத் துடக்கை இரண்டு பிள்ளை பெத்த பிறகும் நாங்கள் "சுகமில்லை" எண்ட ஒரு சொல்லோட முடிக்கிற ஆக்கள். தலையை மற்றப் பக்கம் திருப்பினால் அவருக்கு விளங்கும். இதுக்குத் தலையை எந்தப் பக்கம் திருப்புறது? வரிசை நகர்ந்தது, ஜீப் கப்பலுக்குள்ள ஏறிச்சுது.

ஸ்ரியறிங் இடது பக்கம் எண்டபடியால் இந்த நாட்டுக்காரன் ஆரும் வாங்கமாட்டான். ஊருக்குத் திரும்பிப் போகப்போற ஒரு போலந்துக்காரன் வாங்க வாறன் எண்டான். கட்டட வேலை செய்யிறவன். சனிக்கிழமை காலமை வாறதாய்ச் சொல்லியிருந்தான். இவர் விடிஞ்சதும் வாளியோட வெளிக்கிட்டு ஜீப்பைக் கழுவினார். சில்லுக்குள்ள இருந்த மண்ணைக் கூடப் பிறஷ்ஷால உரஞ்சினார். விக்கப்போற சாமானை ஆர் இப்பிடிக் கழுவுவினம்? நான் யன்னலுக்கும் அடுப்புக்கும் நடுவில நடந்துகொண்டிருந்தன். தேத்தண்ணிக்குச் சீனி போட்டனோ இல்லையோ எண்டு தெரியாமல் திருப்பியும் போட்டன். ஒரு இடத்தில நிக்க ஏலேல்லை.

போலந்துக்காரன் வந்தான். நல்ல உயரமான மனுசன். கூரையை அண்ணாந்து பாத்து, இது என்ன இரண்டு தட்டு எண்டு கேட்டான். அவ்வளவுதான், கதைக்காத என்ர மனுசன் கதைக்கத் தொடங்கிட்டார். காத்து எப்பிடி ஓடும், வெள்ளித் தாள் எங்க இருக்கு, ஹீற்றர் குழாயை எப்பிடித் திருப்பினது எண்டு தெரிஞ்ச இங்கிலீசில எல்லாம் சொன்னார். அவன் உள்ளுக்கு ஏறி இருந்து கதவைச் சாத்திப் பாத்தான். வெயில் நல்லா எறிச்சுக்கொண்டிருந்தது. இறங்கி வந்து, உள்ளுக்கு நல்ல குளிர்ச்சி, இவ்வளவு நல்ல ஜீப்பை ஏன் விக்கிறீங்கள் எண்டு கேட்டான்.

"என்ர மனிசிக்குச் சூடு அதிகம்" எண்டார் இவர்.

அவன் என்னைப் பாத்தான். நான் தேத்தண்ணித் தட்டோட வாசல் படலையில நிக்கிறன். இவர் பொக்கற்றில இருந்து ஜீப்பை ஸ்ராட் பண்ணிற திறப்பை எடுத்தார். நான் தட்டை மதிலில வைச்சிட்டன்.

"இஞ்சருங்கோ, குடுக்காதையுங்கோ. சூடு ஜீப்பில இல்லை, என்னிலதான்" எண்டு தமிழில சொன்னன்.

அவர் திடுக்கிட்டுப்போய்க் கிட்ட வந்து, அந்த வெளியாளுக்கு முன்னாலயே என்ர நெத்தியில கையை வைச்சுப் பாத்தார். "காய்ச்சல் இல்லையே" எண்டார்.

"காய்ச்சல் இல்லை. எனக்கு மாசத்தில வாறது நிண்டு போச்சு. நிக்கேக்க உடம்பு இப்பிடி எரியுமாம். வீட்டிலயும் எரியுது, வேலையிலயும் எரியுது, கோயிலிலயும் எரியுது. ஜீப்பில ஒரு பிழையும் இல்லை." ஒரே மூச்சில சொல்லி முடிச்சன். காது இரண்டும் கொதிச்சுது. இது வெக்கத்தில.

போலந்துக்காரன் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பாத்தான். பேந்து இவர் திறப்பைத் திருப்பிப் பொக்கற்றுக்குள்ள போட்டுக்கொண்டு, மன்னிச்சுக்கொள், ஜீப்பை இனி விக்கிறதில்லை எண்டு அவனுக்குச் சொன்னார். அவனுக்குக் கோபம் வந்ததுதான். வராமல் இருக்குமோ? ஆனாலும் சீனி கூடின அந்தத் தேத்தண்ணியைக் குடிச்சுப்போட்டுத்தான் போனான்.

இவர் ஜீப்புக்குள்ள ஏறி இருந்தார். நானும் மற்றப் பக்கத்தால ஏறி இருந்தன். எங்க போறம் எண்டு இரண்டு பேரும் கேக்கேல்லை. ஜீப் வாசலிலயே நிண்டது. அவர் முன்னால பாத்தபடி கேட்டார்.

"எங்கயிருந்து தொடங்கும்?"

"நெஞ்சுக்குள்ள இருந்து."

"சும்மா இருக்கேக்க வருமோ, வேலை செய்யேக்க வருமோ?"

"இரண்டிலயும் வரும்."

"எவ்வளவு நேரத்துக்கு நிக்கும்? நோகுமோ?"

எஞ்சினில சத்தம் கேக்குது எண்டால் விசாரிக்கிற அதே கேள்வியள். ஆனால் இவ்வளவு காலத்தில என்ர உடம்பைப் பற்றி ஒருத்தரும் என்னை இப்பிடி இருத்திவைச்சுக் கேட்டதில்லை. டொக்டர் கூடக் கேட்டதில்லை. நான் எல்லாம் சொன்னன். அந்தக் கட்டிப் பயத்தையும் சொன்னன். பாத்றூமில அழுததையும் சொன்னன். அவர் ஒவ்வொண்டுக்கும் "ம்" எண்டு கேட்டுக்கொண்டு இருந்தார். கேட்டு முடிய, பெரிசா ஒரு மூச்சு விட்டார்.

"நான் வேற நினைச்சன்" எண்டார்.

"என்ன நினைச்சனீங்கள்?"

"பிள்ளையளும் போட்டினம். நீர் அறையையும் மாத்திப் போட்டீர். பக்கத்தில இருந்தால் மூச்சு முட்டுது, இறங்கவேணும் இறங்கவேணும் எண்டீர். உமக்கு என்னோட இருக்க ஏலாமல் போச்சுது, அதைச் சொல்ல மனமில்லாமல்தான் ஜீப்பைச் சாட்டுறீர் எண்டு நினைச்சன். ஜீப்பைச் சரியாக்கினால் இருப்பீரோ எண்டு பாத்தன். சரிவரேல்லை. வித்தாலாவது இருப்பீர் எண்டு நினைச்சன்."

"உங்களுக்கென்ன விசரே? உங்களை விட்டிட்டு நான் எங்கயப்பா போறது?" எண்டு கத்தினன். றோட்டில போன சனம் பாத்திருக்கும். அழுகை வேறை வந்திட்டுது.

அவர் கண்ணாடிக்கு வெளியால பாத்தபடி, மெல்லமாய்ச் சொன்னார்: "எனக்கு எப்பிடித் தெரியும்? நீர் சூடு எண்டு மட்டும்தானே சொன்னனீர்."